ஸ்கூட்டர் சாவி

முத்தியால்பேட்டை வீட்டுக்குள் காலை வெயில் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து, மனைவி மெரினின் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோல் நடிக்கிறான் ஜெரோம். சாவி அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மூலக்குளத்தில் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமென்று பையும் கையுமாக நிற்கிறாள். ஜெரோமின் நான்கு வயதில், "ரெண்டே நாள்ல வந்துடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு பிரான்சுக்குப் போன அவன் அம்மா திரும்பவே இல்லை. இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. இன்னும் கொஞ்சம் குனிகிறான். சாவி நழுவி விழுந்து, தரையில் வழுக்கிக்கொண்டு அவள் காலடிக்கே போய்விடுகிறது. கட்டிலுக்கடியிலிருந்து அவள் பாதங்கள் மட்டும் தெரிகின்றன. அவை அசையவில்லை.

"போன மாசம் என் செருப்பு காணாமப் போச்சே, அதுவும் நீங்கதானா?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பான். காது மடல் சுட, வெளியே வராமலே "ஆமா" என்கிறான்.