அரைச் சுற்று

இரும்பு வெட்டும் மில்லிங் மெஷினுக்கு மச்சினன் கம்ப்யூட்டர் பூட்டியதிலிருந்து பட்டறைக்காரருக்கு மண்டை குழம்பிப்போனது. வெட்டிய மூன்று துண்டும் அளவு தப்பு. மதியத்துக்குள் மாதிரித் துண்டு போகாவிட்டால் ஆர்டரே கைநழுவிவிடும்.

“மேடையை நகர்த்துற திருகு தேய்ஞ்சு ஆடுது மாமா,” என்றான் மச்சினன். “ இத்தனை வருஷம் கையால சுத்தினப்போ மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?”

“அது என் கைராசிடா!” என்று பழைய கைப்பிடியை மாட்டி, அளவு வைத்து, ஒரு துண்டு வெட்டிக் காட்டினார். அதுவும் தப்பு.

பக்கத்தில் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மெல்லச் சொன்னாள்: “நீங்க அளவு வெச்சுட்டு டீ குடிக்கப் போவீங்கள்ல? அப்போ நான் அரைச் சுத்து பின்னாடி திருப்பி, மறுபடி முன்னாடி கொண்டுவந்து நிறுத்துவேன். ஆட்டம் அடங்கிடும். அப்புறம்தான் வெட்டுவேன். பதினெட்டு வருஷமா அப்படித்தாங்க.”

மச்சினன் எழுந்து, கம்ப்யூட்டர் முன்னால் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.