யோசனைக்கு ஒரு கைத்தட்டல்

முட்டுக்காடு விடுதியில் காலையிலிருந்து கத்திக் கத்திப் பிரபாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. செங்கல்பட்டு பம்பு கம்பெனிக்காரர்களுக்குப் புதுசாக யோசிக்கச் சொல்லித்தருவது அவள் வேலை. சாயங்காலத்துக்குள் ஒரு யோசனையாவது வரவில்லை என்றால் இனி அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. யோசனை எழுதக் கொடுத்த கலர் பேப்பரில் முன்வரிசைத் தொழிலாளி ஜான்சன் படகு செய்துகொண்டிருந்தார்.

"எல்லாம் மண்ணாங்கட்டிங்க மேடம்," என்றார் மேனேஜர் திருவேங்கடம்.

டீ நேரத்தில் ஜான்சனைப் பிடித்தாள். "ஏன் சார், ஒண்ணுகூடவா தோணல?"

"தோணாம இன்னா மேடம்? கேன்டீன்ல கூட்டம் நெரியுது, டோக்கன் குடுக்கலாம்னு போன வருஷம் ஆல்வின் சொன்னான். சூப்பர்னு கை தட்டிட்டு, நீயே பாத்துக்கடான்னுட்டாங்க. இன்னும் சோத்து நேரத்துல டோக்கன் கிழிச்சிகினு கீறான்."

பக்கத்தில் நின்ற ஆல்வின் பரிதாபமாகத் தலையாட்டினான்.

பிரபாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், யோசனை சொன்னவங்க தலையிலயே வேலையக் கட்டாதீங்க. செய்யறதுக்கு வேற ஆள் போடுங்க. அப்புறம் பாருங்க, யோசனையா கொட்டும்."

திருவேங்கடம் எழுந்து நின்று கை தட்டினார்.

"பிரமாதம் மேடம்! அந்த ஆள் நீங்கதான். எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க. ஞாயித்துக்கிழமையும் தவறாம வந்துடுங்க."

பிரபா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஜான்சன் ஒரு கலர் பேப்பரை அவள் பக்கம் தள்ளினார்.

"படகு செய்யத் தெரியுமா மேடம்?"