மழையில் தெரிந்த சனி

ஏலகிரி வான்நோக்கு விழாவில் மழை கொட்டியது. ஆனாலும் புது டிஜிட்டல் டெலஸ்கோப்பின் திரையில் சனிக்கிரகம் வளையங்களோடு ஜொலித்தது. குடை பிடித்து வரிசையில் நின்ற கூட்டம் கைதட்டியதைப் பார்த்து, வானியல் ஆர்வலர் சங்கச் செயலாளர் இன்பசேகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

பொறுக்கமாட்டாமல் போய் டெலஸ்கோப்பின் வாயை மூடியால் அடைத்தார். சனி அப்படியே ஜொலித்தது.

“பார்த்தீங்களா? இது வானமில்ல, வெறும் படம்! மூடியையா ரசிக்கிறீங்க?” என்று கத்தினார்.

“இருந்துட்டுப் போகட்டுமே,” என்றாள் அவர் மனைவி வேதவல்லி, கண்ணை எடுக்காமல். “இத்தனை வருஷமா நீங்க காட்டின மங்கல் புள்ளிக்கு இது எவ்வளவோ மேல். தள்ளுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

அங்கேயே பதவியை உதறிவிட்டு, நனைந்தபடி மலையிறங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடி, வேதவல்லியை ஏகமனதாகச் செயலாளராக்கியது.