வெந்நீர் மாதிரி

முட்புதரும் சுடுபாறையும் தாண்டி இறங்கினால்தான் அருவியின் சத்தமே கேட்கிறது. மழை பொய்த்ததில் அது பாறை இடுக்கில் நூலாக வழிகிறது. அடியில் இருக்கும் குட்டை மட்டும் வெயில் எட்டாமல் பச்சையாகக் கிடக்கிறது. தையல்காரி செருப்பைக் கழற்றுகிறாள். எப்போதும் முதலில் குதிப்பது அவள் புருஷன்தான். பல் தந்தியடிக்க, "வெந்நீர் மாதிரி இருக்குடி, வா!" என்று கூசாமல் புளுகுவான். அவளும் தெரிந்தே ஏமாந்து இறங்குவாள். அவன் செத்த பிறகு இதுதான் முதல் தடவை. துணைக்குக் கொழுந்தன் வந்திருக்கிறான். அவன் தண்ணீரில் காலை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான். "ஐஸா இருக்கு அண்ணி. இறங்காதீங்க, ஜன்னி கண்டுடும்." அவன் சொல்வது நிஜம், அந்த நிஜத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உடுத்திய துணியோடு இறங்குகிறாள். கழுத்துவரை தண்ணீர் ஏறுகிறது, மூச்சு நின்று நின்று வருகிறது. உதடு நடுங்கக் கரைப்பக்கம் திரும்புகிறாள். "வெந்நீர் மாதிரிதாங்க இருக்கு, வாங்க." கொழுந்தன் அவசரமாகச் சட்டையைக் கழற்றப் போகிறான். அவள் பார்ப்பது தன்னை இல்லை, தனக்குப் பின்னால் வெயிலில் வெறிச்சோடிக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையை என்று தெரிந்ததும், அவன் கை பொத்தானிலேயே நின்றுவிடுகிறது.