ஓட வைத்தவள்

“அதுக்குள்ள வந்துட்டீங்களா? பாலம் வரைக்கும் போனீங்களா, பாதியிலயே திரும்பிட்டீங்களா?”

தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் நின்று மீனம்மா கேட்டதும், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நல்லமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“பாலத்தைத் தொட்டுட்டுத்தான் புள்ள வர்றேன்.”

“அப்ப இன்னொருக்கா தொட்டுட்டு வாங்க. ஒருக்கா ஓடினாப் போதும்னு பட்டாளத்துல விட்டுருவானா?”

புருசன் மறுபடியும் ஓடினான்.

1939, கார்த்திகை. சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நுவரெலியாவுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தான் நல்லமுத்து. நெஞ்சை அளந்து பார்த்து, சரி என்றார்கள். ஒரு மாதம் கழித்துத் தியத்தலாவை முகாமுக்குப் போக வேண்டும். அங்கே முதல் நாளே முதுகில் மூட்டையோடு மூன்று மைல் ஓட்டம். ஓடி முடித்தவனுக்குக் காலுக்குப் பட்டாளச் சப்பாத்து. முடிக்காதவனுக்கு ஊர் திரும்ப ரயில் டிக்கெட்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் மயில்வாகனம் வழி சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. முதல் வாரம் அப்படியே போனது.

அப்புறம் மீனம்மா உள்ளே புகுந்தாள்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னே ஓர் ஓட்டம். பிறகு தேயிலைச் செடியைக் குனிந்து குனிந்து வெட்டுகிற கவ்வாத்து வேலை. அது மத்தியானத்தோடு முடிந்துவிடும். மற்ற ஆம்பிளைகள் காலை நீட்டிப் படுப்பார்கள். நல்லமுத்து படுத்தால், எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் மீனம்மாவுக்கு எப்படித்தான் தெரியுமோ, அங்கிருந்தே குரல் வரும்.

“இங்காருங்க! சாஞ்சுட்டீங்களா?”

அவன் எழுந்து, சாக்கில் மண்ணை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுவான்.

அடுத்த காம்பரா வீட்டிலிருக்கும் வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“அடியே, அது புருசனா பொதிமாடா? ரெண்டு நாளு உக்கார விடேன்டி!”

“நீ ஒம் புருசன உக்கார வச்சுக்க அக்கா. அவரு நல்லாத்தான் உக்காந்திருக்காரு, நானுந்தான் பாக்குறேன்ல.”

அதோடு வீரம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள், மீனம்மாவிடம் மட்டும். மற்றவர்களிடம் நிறையவே பேசினாள். “பட்டாளத்தான் பொண்டாட்டின்னு இடுப்ப நெளிச்சுக்கிட்டு நடக்கணுமாம். அதுக்கு அந்த மனுசன் சாகணும்!”

மூன்றாவது வாரம் கணுக்காலுக்கு மேலே வலி பிடுங்கியது. மயில்வாகனம் எலும்பை விரலால் அழுத்தினார். நல்லமுத்து துள்ளினான்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அன்றைக்கு இரண்டு தரம் வைத்தார்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் எண்டு சொன்னனான் எல்லோ? உடம்பு பலப்படுறது ஓடேக்க இல்லையடா, ஆறி எழும்பேக்க. இன்னும் பத்து நாள் கிடக்கு. ஓடாதை. நல்லாச் சாப்பிடு, நித்திரை கொள். அப்பிடிச் செய்தால் கட்டாயம் தேறுவாய்.”

நல்லமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான்.

“பத்து நாளு சும்மா இருக்க இவரு என்ன தொரையாங்க? நம்ம ஒடம்பு வேற ஒடம்பு. எந்திரிங்க, போவோம்.”

“ஏய், நீ இவனை முகாமுக்கு அனுப்பப் போறியோ, சுடலைக்கு அனுப்பப் போறியோ?”

மீனம்மா வெளியே நடந்தாள். அவன் நொண்டிக்கொண்டே பின்னால் போனான். அன்று சாயங்காலம் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். விடிந்ததும் மறுபடியும் ஓடச் சொன்னாள்.

நானுஓயாவில் ரயிலேறிப் போனவன் மூன்றாம் நாளே திரும்பி வந்தான். இரண்டாவது மைலில் கால் விட்டுவிட்டதாம். மூட்டையோடு குப்புற விழுந்தானாம்.

லயமே கூடிவிட்டது. “ஒரு நல்ல மனுசன நாக்காலயே நொண்டியாக்கிட்டாளே!” என்று வீரம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நல்லமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னான்.

“காலு மட்டும் சரியா இருந்திருந்தா...”

“ஆமாப்பா, நீ என்ன பயந்துக்கிட்டா வந்த? எல்லாம் இவளால வந்தது.”

மறுநாள் தைலம் வாங்க வந்த மீனம்மாவை மயில்வாகனம் சும்மா விடவில்லை.

“வந்திட்டியோ? இப்ப சந்தோசமோ? எலும்பில வெடிப்பு. ரெண்டு மாதத்தில ஆறிடும். ஆனா இனி அவனைப் பட்டாளத்துக்கு எடுக்கமாட்டினம். நான் சொன்ன மாதிரி இருந்திருந்தால் முதல் ஆளா ஓடி முடிச்சிருப்பான். அது தெரியுமோ உனக்கு?”

“தெரியுங்க ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சண்டைக்குப் போகாதீங்கன்னு மொத நாளே கால்ல விழுந்தேங்க. பொண்டாட்டி அழுதான்னு போகாம நின்னுட்டா லயமே சிரிக்கும்னாரு. இப்ப அவரப் பாத்து யாரும் சிரிக்கலைங்க, என்னையத்தான் ஏசுறாங்க. ஏசிட்டுப் போகட்டும்.”

மீனம்மா தைலப் போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“ஒங்க பேச்சக் கேட்டா தேறிருவாருன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குப் பயந்துதாங்க ஒரு நாள்கூட அவர உக்கார விடல.”