சொல்லக் கூடாத விலை

"நீ எவ்வளவு குடுக்கற? அதை மட்டும் சொல்லு மிர்னா."

"சொல்ல முடியாது ஐலி."

ஐலி சிரித்துவிட்டாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தாள். இருபத்திரண்டு வருஷச் சிநேகிதி. ஒன்றாகப் படித்து, ஆளுக்கொரு மாவட்ட நீதிமன்றத்தில் சட்ட நூலகர்களாகச் சேர்ந்தவர்கள்.

"விளையாடாதே. இந்தப் பனிமூட்டத்துல ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"புத்தக விலையை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பதிப்பகத்தோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரியைக் காணோம். வெறும் வெள்ளைதான் இருந்தது. அதற்குள் எங்கோ ஒரு சரக்குக் கப்பல் ஊதியது, தூக்கத்தில் கேட்பது போல.

"போன நூலகர் மாநாட்டுல மேடை ஏறி, 'நாம ஒருத்தருக்கொருத்தர் விலையை மறைக்கறதாலதான் பதிப்பகத்துக்காரன் நம்ம தலையில மிளகா அரைக்கறான்'னு கத்தினது யாருடி?"

"நான்தான்."

"எழுந்து நின்னு கை தட்டினேனே நான்!"

மிர்னா காபிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஐலி அதைத் தொடவில்லை. "போன வருஷம் பதினெட்டாயிரம் டாலர். இந்த வருஷம் அதே புத்தகங்களுக்கு இருபத்து நாலாயிரம் கேக்கறான், அந்த விற்பனைக்காரன் கர்ட். எனக்குக் குடும்ப வழக்கு, வாடகை வழக்கு, இந்த ரெண்டு புத்தக வரிசை போதும்னேன். 'தனியா தர்றதில்ல மேடம், பன்னிரண்டும் சேத்துத்தான்'னான். எண்ணெய்க் கிணறு சட்டம் எங்க ஊருக்கு எதுக்குப்பான்னு கேட்டா, 'நாளைக்கே யாராவது தோண்டினா?'ன்னு சிரிக்கறான்."

மிர்னாவின் உதடும் லேசாக அசைந்தது.

"சிரிக்காத. நான் முடியாதுன்னதும் என்னைத் தாண்டி, பணம் ஒதுக்கற மாவட்ட ஆணையர்கள்கிட்டயே நேராப் போயிட்டான். அவங்க, 'இவ்வளவு ஆகும்னா நூலகத்தையே மூடிடலாமே'ங்கறாங்க. வெள்ளிக்கிழமை கூட்டம்."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா. வக்கீல் வைக்க வழியில்லாதவங்க அப்புறம் எங்க போவாங்க சொல்லு? மரம் அறுக்கற ஆலையிலேருந்து ஒரு மனுஷன் மூணு வாரமா தினம் வர்றார். மகளைப் பார்க்க உரிமை கேட்டு, தானே புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மனு எழுதறார். இன்னும் பாதிகூட முடிக்கல. உன் விலை என்னுதைவிடக் குறைச்சல்னு தெரிஞ்சா போதும். அதை வெச்சே நான் பேசிடுவேன்."

மிர்னா வெளியே, அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"என் வாயால சொல்ல முடியாது ஐலி."

"தள்ளுபடி குடுத்து உன் வாயை வாங்கிட்டான். நல்ல விலைக்குத்தான் வித்திருக்க."

ஐலி கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் கார் விளக்கு எட்டும் தூரம் வரைதான் சாலையே இருந்தது. அதற்கு அப்பால் மூட்டத்தில் அலமாரிகள் வரிசையாக நிற்பது போலவும், இவள் நெருங்க நெருங்கப் புத்தகங்கள் ஒவ்வொன்றாகப் பனியாய்க் கரைவது போலவும் தோன்றியது. கடைசி அலமாரியடியில் அந்த ஆலைக்காரர் எழுத்தே இல்லாத பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐலி கண்களைக் கசக்கிக்கொண்டாள். ஊர் வந்திருந்தது.

வியாழக்கிழமை மதியம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. மிர்னாவின் மாவட்ட முத்திரை.

பிரித்தாள். ஒப்பந்தத்தின் நகல். அதே பதிப்பகம், அதே பன்னிரண்டு வரிசைகள், எண்ணெய்க் கிணறு உட்பட. ஒன்பது நீதிபதிகள் இருக்கும் அந்தப் பெரிய நீதிமன்றத்துக்கு விலை, பதினோராயிரம்.

ஐலி இன்னொரு தடவை படித்தாள். எண் கரையவில்லை. அப்படியே இருந்தது.

கர்ட்டைக் கூப்பிட்டாள்.

"எனக்கும் பதினோராயிரம்தான் கர்ட்."

கர்ட் குரலைத் தாழ்த்தினான்.

"யார் மேடம் உங்ககிட்ட சொன்னது? சொன்னவங்க மாட்டிக்குவாங்க, தெரியுமில்ல?"

"யாரும் சொல்லல. மாவட்ட முத்திரையோட தபால்ல வந்திருக்கு."

"முத்திரையோடயா? ... மேலிடத்துல பேசிட்டுக் கூப்பிடறேன்."

மூன்று மணிக்குக் கூப்பிட்டான். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"சரி மேடம். பதினோராயிரம். ஆனா அந்த ரகசியப் பக்கத்துல மட்டும் ஒரு கையெழுத்து..."

"அந்தப் பக்கத்தை எடுத்துட்டு மிச்சத்தை அனுப்புப்பா."

போனை வைத்தபோது ஆலைக்காரர் தம் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலில் பஞ்சு பஞ்சாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மிர்னாவின் அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இதைத் திருட்டுத்தனமாக அனுப்பியிருக்க வேண்டும். அந்த ஆள் மிர்னாவிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று ஐலிக்குக் கவலையாகக்கூட இருந்தது.

தாள்களை அடுக்கி உறைக்குள் வைக்கும்போதுதான் கடைசித் தாளைப் பார்த்தாள். அது ஒரு அரசாங்கப் படிவம்.

'பொதுமக்கள் பணத்தில் போடப்பட்ட எந்த ஒப்பந்தத்தையும், எழுத்து மூலம் கேட்கும் எவருக்கும் சட்டப்படி நகல் கொடுத்தாக வேண்டும்' என்று மேலே அச்சிட்டிருந்தது.

நகல் அனுப்ப வேண்டிய முகவரிகள் என்ற இடத்தில், ஏரிக்கரை மாவட்டங்களின் பதினொரு சின்னச் சட்ட நூலகங்கள். முதல் பெயர் ஐலியின் நூலகம். தபால், நகல் செலவு முழுவதும் கேட்டவரே கட்டியிருந்தார்.

கீழே இரண்டு கையெழுத்துகள். இரண்டிலும் ஒரே சாய்வு.

கேட்டவர்: மிர்னா ஹெல்கெசன், பொதுமக்களில் ஒருவர்.

கொடுத்தவர்: மிர்னா ஹெல்கெசன், நூலகர்.