நட்சத்திரம் போட்ட இடம்

இதைக் கேட்பவர் முதலில் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: தெற்கு டகோட்டாவில் ஹார்லன் கிரீக் என்னும் ஊரின் பள்ளியை ஆள்வது, ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐவர் குழு. ஆசிரியரை அமர்த்துவதும் நீக்குவதும் அவர்கள் கையில். மொத்தமே நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாறினால், அப்பிள்ளைக்கென அரசு தரும் பணமும் பின்னாலேயே போய்விடும்.

இரண்டு: தேர்வு முடிவுகளை அரசு வகுப்புவாரியாக வெளியிடும். ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கும் குறைவென்றால் எண்ணை அச்சிடாது. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிடும். சின்ன ஊரில் எண்ணைச் சொல்வது, பிள்ளையின் பெயரைச் சொல்வதற்குச் சமம்.

அந்த நட்சத்திரத்தை வெர்லின் ஸ்லெட்டன் உடைத்துவிட்டார்.

ஐவரில் அவரும் ஒருவர். மாட்டுப் பண்ணைக்காரர், அதே பள்ளியில் படித்தவர். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான மொத்த எண்ணிலிருந்து நான்காம், ஐந்தாம் வகுப்பு எண்களைக் காபிக் கடை நாப்கின் ஒன்றில் கழித்துப் பார்த்தார். சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர். வாசிப்பில் நால்வர் தேறவில்லை.

ஏப்ரல் கூட்டத்தில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜோலீன் ஹாஃபரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தீர்மானம் வந்தது. வெர்லின் நாப்கினை மேசைமேல் விரித்தார்.

"ஒன்பதுல நாலு. ஏம்மா ஜோலீன், என் கொட்டகையில இப்படிக் கணக்கு வந்தா, நான் மாட்டை வித்துட்டு வீட்டுல உக்காந்திருப்பேன்."

"பிள்ளைங்க மாடு இல்லையே, மிஸ்டர் ஸ்லெட்டன்."

கடைசி வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அந்த நாலு பேரு யாரு? சொல்லு. வீடு சரியில்லையா, உன் பாடம் சரியில்லையான்னு பார்த்துடலாம்."

"அதைக் கேக்கக் கூடாது, வெர்லின்," என்று தடுத்தார் குழுத் தலைவர் ஆர்டிஸ். "நட்சத்திரம் எதுக்குப் போட்டிருக்கு?"

"அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா பள்ளிக்கூடம் பிழைச்சிடுமா? இந்த வருஷம் மட்டும் ரெண்டு குடும்பம் பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு. இன்னும் நாலு போனா, இங்க கதவுக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான்."

"பேரு வேணும்னா என் பேரை எழுதிக்குங்க," என்றாள் ஜோலீன். "பாடம் நடத்தினது நான்தானே."

"எழுதாம விடுவேனா? இன்னொண்ணையும் சேர்த்து எழுதறேன். என் பேரன் கோல்பி இப்போ நாலாம் வகுப்பு. இன்னும் இவளோட மீன் தொட்டிக்கு இரை போடறதுக்குக் காலையில ஏழு மணிக்கே அவனைக் கொண்டுவந்து விடறேன். ஊரு பிள்ளைங்க படிக்கத் திணறுது. டீச்சரம்மா மீன் வளர்க்கிறாங்க."

ஜோலீன் தன் முன்னிருந்த கோப்பை மூடினாள்.

"மீன் விஷயத்துல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை."

"அப்பாடா. ஒண்ணையாவது ஒத்துக்கிட்டியே."

மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கில் ஜோலீனின் வேலை தப்பியது. 'இல்லை' என்ற இருவரில் வெர்லினின் குரலே உரத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோல்பி வண்டியிலிருந்து குதித்தான். "இன்னிக்கு மதியச் சாப்பாட்டுல பீன்ஸ் சில்லியும் இனிப்பு சினமன் ரோலும், தாத்தா. உங்களுக்கு ஒண்ணு ஒளிச்சுக் கொண்டுவரவா?" என்று கேட்டுவிட்டு ஓடினான். தொப்பியை இருக்கையிலேயே விட்டுவிட்டான்.

வெர்லின் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் வகுப்பின் கதவு பாதி திறந்திருந்தது. சன்னலோரம் கண்ணாடித் தொட்டி. அதில் தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. நிறையப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

குட்டை மேசையில் கோல்பி குனிந்திருந்தான். வரியின் அடியில் அவன் விரல் ஊர்ந்தது.

"அந்த... ஆறு... வளை... வளைந்து..."

"அவசரமே வேண்டாம்," என்றாள் ஜோலீன். "ஆறே மெதுவாத்தான் போகுது."

"மீன் எங்கடா?" என்றார் வெர்லின்.

கோல்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். "கிறிஸ்துமஸ் லீவுலயே செத்துப்போச்சு, தாத்தா." அவன் காதுகள் சிவந்தன. "அம்மாவுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். ஒரு புத்தகம் முழுசாப் படிச்சிட்டு அப்புறம் காட்டலாம்னு."

வெர்லின் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஜோலீன்."

"இவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்."

மேசையைச் சுற்றி இன்னும் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. அவை யாருக்கு என்று கேட்க வெர்லின் வாயெடுத்தார். கேட்கவில்லை. அவற்றுள் ஒன்றில் முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து படி. ஆறு எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்கும் தெரியணும் இல்ல?"

மே மாதக் கூட்டத்தில் முடிவானவை இவை.

ஏப்ரலில் தாம் அளித்த வாக்கை மாற்றலாமா என்று வெர்லின் கேட்டார். மாற்ற முடியாது என்று அறிவிக்கப்பட்டது. மூன்றுக்கு இரண்டு என்பது குறிப்பேட்டில் அப்படியே நிற்கிறது.

வாசிக்கத் திணறும் எந்தப் பிள்ளைக்கும் காலை ஏழு மணிக்குப் பள்ளிக் கதவு திறந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஜோலீனுக்குத் தனி ஊதியம் உண்டு. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் வெர்லின். ஐவரும் 'ஆம்' என்றனர்.

தொட்டிக்கு இரண்டு தங்கமீன்களும், அதிலிருந்த புத்தகங்களுக்கு ஓர் அலமாரியும் வெர்லினின் செலவில் வந்து சேர்ந்தன.

தீர்மானத்தைக் குறித்துக்கொண்டே வந்த எழுத்தர் கோனி, பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"தீர்மானத்துக்குக் காரணம்னு இங்க ஒரு கட்டம் இருக்கு, வெர்லின். என்ன எழுதறது?"

"அங்க ஒரு நட்சத்திரம் போட்டுடுங்க."